வெளியூர்க் கூண்டின் தாழ்ப்பாள்

எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அரங்கத்தில் வெளியூர் அணிக்கான தண்டனைக் கூண்டு கடிகார மேசைக்கு இடப்பக்கம் இருக்கிறது. மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு மரப் பெஞ்சு, பனித்தளத்தைப் பார்த்த ஒரு சின்னக் கதவு. விதி மீறி ஆடியவனை நடுவர் அனுப்பினால் அவன் வந்து இங்கே உட்கார வேண்டும். அவன் வெளியே வரும்வரை அவனுடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். நேரம் முடிந்த நொடியில் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்துவிட ஓர் ஆள் வேண்டும். எங்கள் லா-புவாண்டில் அந்த ஆள் லுசெட் ஆர்செனோ.

அவளுக்கு முன்னால் அவள் கணவர் நொர்மான் அந்த வேலையைச் செய்துவந்தார். அவர் இறந்த பிறகு கிளப்காரர்கள் வேறு ஆள் தேடாமல் அவளையே கேட்டார்கள். பகலில் அவளுக்கு இறால் ஆலையில் வேலை. சிறு வயதிலேயே படிப்பை விட்டு அங்கே போனவள். கை எப்போதும் சில்லிட்டே இருக்கும் என்பதால் கூண்டின் குளிரை அவள் பொருட்படுத்தவில்லை. கூச்சக்காரி. கூட்டத்தில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே கழுத்து சிவந்துவிடும். ஆனால் கூண்டுக்குள் அவளுக்குக் கூச்சமே இல்லை. அரங்கம் முழுக்க அந்தக் கண்ணாடியைப் பார்த்துக் கத்தினாலும் அவளை யாரும் பார்ப்பதில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கிறவனைத்தான் பார்ப்பார்கள், அவனைத்தான் திட்டுவார்கள். அவனுக்கு அவள் துண்டு கொடுக்கலாம், தண்ணீர் கொடுக்கலாம். பேசக்கூடாது.

அவளுடைய ஒரே மகன் யானிக்கும் ஆட்டக்காரன்தான். அணியின் சண்டைக்காரன். ஒவ்வொரு அணியிலும் அப்படி ஒருவன் இருப்பான். அவனுக்குக் கோல் போடத் தெரிய வேண்டியதில்லை. தன் ஆட்களை எவனாவது முட்டித் தள்ளினால் கையுறையை உதறிவிட்டுப் போய் அவனை அடிக்க வேண்டும். தானும் அடிவாங்க வேண்டும்.

யானிக் முதன்முதலாகச் சம்பளத்துக்கு ஆடப் போன வருஷம், தூரத்து ஊர் ஒன்றில் கோப்பைச் சுற்று ஆடிக்கொண்டிருந்தபோது, நொர்மானுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. எங்கள் பக்கத்தில் கோப்பைச் சுற்றில் இருக்கிற ஆட்டக்காரனுக்குக் கெட்ட செய்தி சொல்லமாட்டார்கள். வீடு எரிந்துபோனாலும் அவன் அணி தோற்று வெளியேறிய பிறகுதான் சொல்வார்கள். ஆட்டம் கெட்டுவிடும் என்று பயம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நொர்மானும் அதையேதான் சொன்னார். "அவன் தோத்துட்டு வரட்டும். அப்பச் சொல்லிக்கலாம்."

யானிக்கின் அணி தோற்கவில்லை. அந்த வருஷம் பார்த்து ஜெயித்துக்கொண்டே போனது. ஒவ்வொரு வெற்றியையும் நொர்மான் நர்ஸுகளிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். கடைசித் தொடர் தொடங்குவதற்குள் இறந்துபோனார்.

மூக்கில் கட்டோடு அடக்கத்துக்கு வந்தான் யானிக். கல்லறைத் தோட்டத்தில் மற்றவர்கள் கார்களை நோக்கி நடந்த பிறகு அம்மாவிடம் கேட்டான்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"ஈஸ்டருக்கு முன்னாடியே."

"நான் போன் பண்ணினப்பல்லாம் அப்பா தூங்கறார்னு சொன்னியே."

"ஆமா."

"அவர் செத்துக்கிட்டிருந்தார். நீ என்னை அங்க விளையாட விட்டுட்டே."

சொல்லவேண்டாம் என்றது அப்பாதான் என்று அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். குழியை இன்னும் மூடியிருக்கவில்லை. மூடாத குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு செத்தவர்மேல் பழியைப் போட அவளுக்கு வாய் வரவில்லை. பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள். பிறகு என்பது வரவே இல்லை. அன்றோடு யானிக் பேச்சை நிறுத்திவிட்டான்.

அடுத்த கோடையில் அவனை ரிவியேர்-நுவார் அணி எடுத்துக்கொண்டது. ஆற்றுக்கு மேற்கே, காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். லுசெட்டுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆலையில் வேலை செய்யும் மரியேத் ஒரு தடவை அழைத்துப்போனாள். மாடி ஜன்னலில் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. அவனுக்காக மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட அடையை மடியில் வைத்துக்கொண்டே லுசெட் திரும்பி வந்தாள். பாதி வழியில் மரியேத், "மணம் வேற மூக்கைத் துளைக்குது. அவனுக்கு வேணாம்னா எனக்குக் குடேன்," என்றாள். லுசெட் கொடுத்துவிட்டாள்.

ஆனால் ரிவியேர்-நுவாரும் லா-புவாண்டும் ஒரே பிரிவு. கிழக்குப் பிரிவு. ஒரே பிரிவில் இருப்பவர்கள் குளிர்காலம் முழுக்கத் திரும்பத் திரும்ப மோதிக்கொள்வார்கள். ரிவியேர்-நுவார் பஸ் எங்கள் அரங்கத்துக்கு வரும். யானிக் யாரையாவது அடிப்பான். நடுவர் கையைக் காட்டுவார். அவன் கூண்டுக்குள் வந்து அவள் பக்கத்தில் உட்காருவான். எழுந்து போக முடியாது. அவன் எழுந்து போக முடியாத இடம் அவளுக்கு இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

அதனால் அவள் ஒரு கெட்ட ஆசைக்குப் பழகிவிட்டாள். மற்ற தாய்மார்கள் மகன் அடிபடக் கூடாது என்று வேண்டிக்கொள்வார்கள். இவள் அவன் கையுறையை உதறுவதற்காகக் காத்திருந்தாள். அவன் முகத்தில் குத்து விழும்போது கண்ணை மூடிக்கொள்வாள். நடுவர் அவனைக் கூண்டுக்கு அனுப்பும்போது நெஞ்சு லேசாகிவிடும். துண்டை நீட்டுவாள். பார்க்காமலே வாங்கிக்கொண்டு, தெரியாத பொம்பளையிடம் சொல்வதுபோல் "நன்றி" என்பான். அவன் கண் கடிகாரத்தில் இருக்கும். அவள் கண் அவன்மேல் இருக்கும். இடது கட்டைவிரல் முழுதாக மடங்குவதில்லை. தண்ணீரை வாயின் ஒரு பக்கமாகவே குடிக்கிறான், மறுபக்கம் பல் வலி போல. போன தடவை இல்லாத நரை ஒன்று காதோரத்தில். முப்பதைத் தாண்டிய சண்டைக்காரனை எந்த அணியும் விரும்பி வைத்துக்கொள்வதில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த வருஷம் ரிவியேர்-நுவார் பயிற்சியாளர் இன்னொரு இளம் சண்டைக்காரனைக் கொண்டுவந்திருந்தார்.

பிப்ரவரியில் லீக் பிரிவுகளை மாற்றியது.

மேற்குப் பக்கத்தில் இரண்டு கிளப்புகள் மூடிவிட்டன. அந்த இடத்தை நிரப்ப, பிரிவுகளுக்கு இடையிலான கோட்டைக் கிழக்கே தள்ளினார்கள். கோடு சரியாக எங்கள் ஊருக்கும் ரிவியேர்-நுவாருக்கும் நடுவில் விழுந்தது. பஸ் ஓட்டத்தைக் குறைப்பதற்காக அடுத்த அக்டோபரிலிருந்து அவரவர் பிரிவுக்குள்ளேயேதான் ஆட்டம். இரண்டு பிரிவில் இருப்பவர்கள் சந்திக்க வேண்டுமென்றால் இரண்டு பேருமே இறுதிக்கு வர வேண்டும். லா-புவாண்ட் இறுதிக்கு வந்ததை யாரும் பார்த்ததில்லை.

லீக்கின் பிரதிநிதி வால்கூர் இதை விளக்குவதற்கு அரங்கத்து உணவுக்கூடத்துக்கு வந்தார். சுவரில் வரைபடத்தை ஒட்டினார். பீர் கவுண்டரில் நிற்கும் ஒதெத் கையைக்கூடத் தூக்காமல் கேட்டாள். "ரிவியேர்-நுவார்காரன் வரலேன்னா நாங்க யாரைத் திட்டறது?"

"கிழக்குல இன்னும் மூணு அணி இருக்கே மதாம்."

"மாறி மாறி அந்த மூணு பேரையா? வீட்டுல புருஷனைத் திட்டற மாதிரிதான் இருக்கும். நாலு நாள்ல சலிச்சிடும்."

கூடம் சிரித்தது. ஒருவர் வரைபடத்தின்மேல் பொரித்த உருளைக்கிழங்கை எறிந்தார். வால்கூர் அதைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த லுசெட் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைப் பேனாவால் போட்ட கோடு. ஆற்றைத் தாண்டும் இடத்தில் பேனா கொஞ்சம் வழுக்கியிருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு கடிகாரக்காரர் கயேத்தானிடம் போனாள். ஆட்டத்தின்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நேரம் பார்க்கிறவர் அவர். நொர்மானின் பழைய சிநேகிதர்.

"செப்டம்பர்ல சும்மா ஒரு பயிற்சி ஆட்டமாவது அவங்களோட வைக்கமாட்டாங்களா?"

"ஏம்மா லுசெட், பயிற்சி ஆட்டத்துல சண்டைக்காரனை யாரு இறக்குவா? பையனைப் பாக்கணும்னா டிக்கெட் எடுத்துக்கிட்டு அங்க போய்ப் பாரு."

"அங்க போனா எட்ட இருந்துதான் பாக்கணும்."

"எட்ட இருந்து பாத்தா அழகாத்தான் இருப்பான்," என்றார் கயேத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு ஆட்டம் இருக்கும்மா. மார்ச்ல. சொல்ல வேண்டியதை அன்னிக்குச் சொல்லிடு. நான் வேற பக்கம் பாத்துக்கறேன்," என்றார்.

அந்த ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. பழைய பகையின் கடைசி நாள் என்பதால் அரங்கத்தில் நிற்க இடமில்லை. எங்களுக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். ரிவியேர்-நுவாருக்கு அப்படியில்லை. அன்று ஜெயித்தால் கோப்பைச் சுற்று. இல்லையென்றால் அந்த வருஷம் அத்தோடு சரி.

இறால் உரித்துக்கொண்டே பல நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியத்தோடு லுசெட் கூண்டில் உட்கார்ந்திருந்தாள். முதல் பகுதியிலேயே யானிக் சண்டை போட்டான். புருவம் கிழிந்து வந்தான். கூடவே அவர்களுடைய வைத்தியர் வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து பஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். நேரம் போய்விட்டது. இரண்டாம் பகுதியில் அவன் வரவே இல்லை. மூன்றாம் பகுதியும் முக்கால்வாசி ஓடிவிட்டது. இரண்டுக்கு இரண்டு. இன்று வரமாட்டான் என்று நினைத்து அவள் துண்டை மடித்து வைத்தாள். அப்போது யானிக் எங்கள் ஆள் ஒருவனை மட்டையால் காலில் கொக்கி போட்டு வீழ்த்தினான். நடுவர் கை உயர்ந்தது.

கூண்டுக்குள் வந்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான். அவனிடமிருந்து ஈரத் தோலின் வாடை வந்தது.

"யானிக்."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"நீ பதில் சொல்ல வேணாம். நான் சொல்லிடறேன். உங்கிட்டச் சொல்ல வேணாம்னது அப்பாதான்."

"ஆட்டத்துல இருக்கேன்."

"தெரியும்."

"அன்னிக்கு ஆட்டம்னு சொல்லல. இன்னிக்கு ஆட்டத்துக்கு நடுவுல வந்து சொல்றே."

"வேற எங்க சொல்லட்டும்? நீ வேற எங்க உக்காந்திருக்கே?"

தளத்தில் எங்கள் ஆட்கள் பக் என்ற ரப்பர் வட்டைத் தங்களுக்குள் சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். யானிக் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். "என்ன சொன்னார்?"

"தோத்துட்டு வரட்டும், அப்பச் சொல்லிக்கலாம்னார்."

"நாங்க தோக்கலையே."

"தோக்கல. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் போய் மெழுகுவத்தி ஏத்தினேன். நீ தோக்கணும்னு. பாதிரியார்கூடக் கேட்டார், பையன் ஜெயிக்கணும்னு வேண்டறியான்னு. ஆமான்னு சொன்னேன்."

யானிக் திரும்பினான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். அவன் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கப்போகிறானா அழப்போகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கை தாழ்ப்பாளின் மேல்தான் இருந்தது. கையை மறந்துபோனாள். அவனும் கடிகாரத்தை மறந்துபோனான். நேரம் முடிந்தால் கயேத்தான் கண்ணாடியைத் தட்டுவது வழக்கம். அன்று அவர் பார்த்தார், தட்டவில்லை. அவரும் எங்கள் ஊர்க்காரர்.

அரங்கம் இடிந்து விழுந்ததுபோல் ஒரு சத்தம். அவள் திரும்பிப் பார்த்தபோது எங்கள் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றுக்கு இரண்டு. யானிக்கின் கடிகாரத்தில் பூஜ்யம். அவன் வெளியே போயிருக்க வேண்டிய நேரம் எப்போதோ கடந்திருந்தது. வெறுமையாகக் கிடந்த அவனுடைய மூலையிலிருந்துதான் கோல் விழுந்திருந்தது.

மிச்ச ஆட்டத்தில் எதுவும் மாறவில்லை.

மணி அடித்ததும் ரிவியேர்-நுவார் பயிற்சியாளர் பெஞ்சிலிருந்தே கத்தினார். "எங்கடா போய்த் தொலைஞ்சே? உள்ள உக்காந்து கதை கேட்டுக்கிட்டிருந்தியா?"

யானிக் ஒரு கணம் தயங்கினான். கூண்டுப் பக்கம் கையைக் காட்டினான். "அவ கதவைத் திறக்கல. தாழ்ப்பாளைப் பிடிச்சுக்கிட்டா."

அவ என்றான். கண்ணாடிக்கு உள்ளே இருந்தும் லுசெட்டுக்கு அது தெளிவாகக் கேட்டது.

நடுவர்கள் உடை மாற்றும் அறையில் வால்கூர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். பயிற்சியாளர் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். யானிக் கதவருகே ஸ்கேட்டோடேயே நின்றான்.

"மதாம் ஆர்செனோ, முடிவு மாறாது. நான் மேலே சொல்லியாகணும், அதுக்காகத்தான் கேக்கறேன். தாழ்ப்பாளை இப்பத்தான் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தீங்கன்னு ஒருத்தர் சொல்றார். பேசிக்கிட்டிருந்து மறந்துட்டீங்களா, இல்ல வேணும்னே பிடிச்சுக்கிட்டீங்களா?"

பேசிக்கொண்டிருந்தோம் என்று சொன்னால் பயிற்சியாளர் முகம் எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரிந்தது. கோப்பைச் சுற்று போகிற நேரத்தில் கூண்டில் உட்கார்ந்து அம்மாவோடு பேசிக்கொண்டிருந்த சண்டைக்காரன். அந்த அறையை விட்டு வெளியே வருவதற்குள் அவனை அணியிலிருந்தே நீக்கிவிடுவார். அவள் யானிக்கைப் பார்த்தாள். அவன் தன் ஸ்கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேசல," என்றாள். "பிடிச்சுக்கிட்டேன்."

"ஏன்?"

"எங்க ஊர் ஜெயிக்கணும்னு."

கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. வால்கூர் அதைக் குற்றமுள்ள நெஞ்சு என்று எடுத்துக்கொண்டார். லீக்கின் எந்த அரங்கத்திலும் அவள் இனி வேலை செய்யக் கூடாது என்றார். பயிற்சியாளர் அவளை நேராகப் பார்த்து, "உன் வயசுக்கு வெக்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார். மகனுடைய பயிற்சியாளருக்கு அவள்தான் அவன் தாய் என்பதே தெரிந்திருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் ஆர்செனோதான். அவன் சொல்லியிருக்கவில்லை.

பஸ் நிற்கும் பின்வாசலுக்குப் போகிற நடையில் அவள் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு யானிக் கடைசியாக வந்தான். கடந்து போனவன் நின்றான்.

"ஏன் ஆமான்னே?"

"உனக்கு வேலை இருக்கணும்ல."

"நான் சொன்னது பொய். உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"கோவப்பட மாட்டியா?"

"உம்மேலயா?"

அவன் பையை மறுதோளுக்கு மாற்றினான். புருவத் தையலிலிருந்து கொஞ்சம் ரத்தம் இறங்கியிருந்தது. அதைத் துடைக்க அவளிடம் இப்போது துண்டு இல்லை.

"அப்பாவும் எனக்காகத்தான் மறைச்சார். நீயும் எனக்காகத்தான் மறைச்சே. இப்பவும் எனக்காகத்தான். எல்லாம் எனக்காகவே பண்றீங்க," என்றான் மெதுவாக. "எங்கிட்ட ஒருத்தரும் கேக்கறதில்ல. அப்பா சொன்னார்னா என்ன? நீ மீறியிருக்கலாம்ல. ஒரே ஒரு போன். நான் வந்திருப்பேன். கோப்பை எனக்கு எதுக்கு?"

இறால் உரித்துக்கொண்டே சொல்லிப் பார்த்த எந்த வாக்கியத்திலும் இது வரவில்லை. பழி யாருடையது என்று தெரிந்துவிட்டால் அவன் திரும்பி வருவான் என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"யானிக், வாடா," என்று பஸ்ஸிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

அவன் போனான். அவள் பின்வாசலுக்கு வந்து நின்றாள். பஸ் வளாகத்தைச் சுற்றித் திரும்பும்போது, தாழ்ப்பாள் கதையை அதற்குள் கேள்விப்பட்டு அங்கே பீர் குடித்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்க்காரர்கள் லுசெட்டைப் பார்த்துவிட்டார்கள். "லுசெட், லுசெட்" என்று தாளம் போட்டுக் கத்தினார்கள். பஸ் ஜன்னல்களில் முகங்கள் அவள் பக்கம் திரும்பின. அவற்றில் எது அவனுடையது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த வாரமே ஆலையில் அவள் பெயர் தாழ்ப்பாள் லுசெட் ஆகிவிட்டது. வாழ்க்கையில் யாரும் அவளை ஒன்றும் கேட்டதில்லை. இப்போது எல்லாரும் கேட்டார்கள். மே மாதம் கிளப்பின் விருந்தில் கயேத்தான் அவளைக் கையைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார். "எப்படிப் பண்ணினே, உன் வாயாலே சொல்லு," என்றாள் ஒதெத். யானிக்குக்கு அடுத்த வருஷ ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. இங்கே பேசுவது ரிவியேர்-நுவாருக்கு எட்டாமல் போகாது. அதனால் லுசெட் சொன்னாள். முழங்காலால் கதவை முட்டுக்கொடுத்ததை, தாழ்ப்பாளை இறுக்கியதை, அவன் தள்ளத் தள்ள விடாமல் பிடித்ததை. கூடம் மேசையைத் தட்டிச் சிரித்தது. சொல்லச் சொல்ல அவளுக்கு அது நன்றாக வந்தது.

ஆகஸ்டில் யானிக் கையெழுத்துப் போட்டான் என்று மரியேத் எங்கேயோ கேட்டுவந்து சொன்னாள். அக்டோபரில் புதுப் பிரிவுகளோடு ஆட்டங்கள் தொடங்கின. அவள் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத மேற்கத்திய ஊர்களுக்கு ரிவியேர்-நுவார் பஸ் போயிற்று. எங்கள் ஊர்ப் பத்திரிகை கிழக்குப் பிரிவின் முடிவுகளை மட்டும் போட்டது.

நவம்பரில் ஒருநாள், ஆலையில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி அந்தக் கதையைக் கேட்டாள். ஒப்பந்தம் ஆகிவிட்டது, இனிப் பயமில்லை என்று லுசெட் நினைத்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் ஒண்ணும் பிடிக்கல. அவன் என் பையன். பேசிக்கிட்டிருந்தோம். மறந்துட்டேன்."

அந்தப் பெண் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு வரிசையின் அந்தக் கோடிக்குக் கேட்கும்படி சிரித்துக்கொண்டே சொன்னாள். "மரியேத், இங்க வாயேன். இவ இப்ப என்ன சொல்றா கேளு."